உரக்கடைக்காரர் மகளின் பி.காம். நிதி: ஒரு கல்விக் கடன் கணக்கு

இந்த ஆய்வில் வரும் மாணவி 2022-இல் சென்னையை ஒட்டிய ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். (நிதி) சேர்ந்து, 2025-இல் பட்டம் பெற்றவர். தந்தை துறையூர்ப் பக்கத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். கல்விக் கடன் கொடுத்த வங்கிக் கிளையில் நான் அப்போது அதிகாரி. குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்; தொகைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன்.

பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் கடன் கேட்டு வருபவர்கள் கல்லூரியின் பெயரைச் சொல்வதோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். நிதி படிக்கப் போகும் பிள்ளைக்குக் கடன் கேட்டு வந்த குடும்பம் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். இவர்களும் பார்த்திருக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் விளக்கக் கையேடு மேசைமேல் இருந்தது: பங்கு விலைகள் ஓடும் திரை பொருத்திய ஆய்வகத்தின் படம், அதற்குக் கீழே "அதிகபட்ச ஆண்டுச் சம்பளம்" என்று ஒரு பெரிய எண். அந்த எண் எம்.பி.ஏ. மாணவருடையதா, கணினி அறிவியல் மாணவருடையதா என்று கையேட்டில் எங்கும் இல்லை. மாணவி சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, பி.காம். நிதி மாணவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். வரிசையில் நடுவில் நிற்பவருக்குக் கிடைத்தது என்ன என்பதுதான் அவர் கேட்டது. அதற்குப் பதிலாக இன்னொரு கையேடு வந்தது.

தமிழ்நாட்டில் தனியார் பல்கலைக்கழகம் என்று நாம் சொல்பவற்றில் பெரும்பாலானவை 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 3-ஆம் பிரிவின்படி நிகர்நிலைத் தகுதி பெற்றவை. சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்றி அனுமதித்த ஷிவ் நாடார், சாய் போன்றவை பின்னால் வந்தவை. மானியக் குழுவின் அங்கீகாரம் இருந்தால் கடன் கொடுக்கும் வங்கிக்கு இரண்டும் ஒன்றுதான்.

செலவும் மாற்று வழியும்

ஆண்டுக் கட்டணம் 1,90,000 ரூபாய். விடுதியும் சாப்பாடும் 1,15,000. முதல் ஆண்டில் சேர்க்கைக்கட்டணம் 30,000, மடிக்கணினி 60,000. மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 10,05,000 ரூபாய்.

மாற்று வழி கண்ணெதிரே இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் பிரிவில் 600-க்கு 561 எடுத்த மாணவி. திருச்சியில் சீதாலட்சுமி ராமசுவாமி, ஜமால் முகமது, தேசியக் கல்லூரி என்று அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். கட்டணம், புத்தகம், பஸ் பாஸ், வீட்டில் சாப்பிடுவதற்கான செலவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 70,000 ரூபாய் என்று அவரே பின்னாளில் மதிப்பிட்டார். கூடவே சி.ஏ. படிக்கலாம் என்ற யோசனையும் இருந்தது.

இதைத் தாண்டிச் சென்னைக்குப் போகச் சொன்ன காரணங்கள் கையேட்டில் இருந்தவை அல்ல. வகுப்புத்தோழிகள் மூவர் அங்கே சேர்ந்துவிட்டார்கள். ஆங்கிலம் பேச வரும் என்று அம்மா நம்பினார். அப்பாவின் காரணம் வேறு: "இங்கேயே படித்தால் இரண்டாம் வருடம் மாப்பிள்ளை பார்க்கச் சொல்வார்கள், சார். எட்டத்தில் இருந்தால் படிப்பாவது முடியும்." இந்தக் காரணத்தை எந்த வரவு செலவுப் பட்டியலிலும் எழுத முடியாது. முடிவில் அதற்குத்தான் கனம் அதிகமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

கடன்

பிணை இல்லாமல், மூன்றாம் நபர் ஜாமீன் இல்லாமல் 7.5 லட்சம் வரை கல்விக் கடன் கொடுக்க மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி 2015 முதல் வழி செய்கிறது. கடன் திரும்பாவிட்டால் நிலுவையில் 75 சதவீதத்தை அந்த நிதி ஈடு செய்யும். 7.5 லட்சம் என்ற எல்லையைத் தாண்டினால் சொத்துப் பத்திரம் கேட்போம். கடன் தொகை 7.5 லட்சத்தில் நின்றதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. ஆண்டுக்கு 2.5 லட்சம் நேரடியாகப் பல்கலைக்கழகக் கணக்குக்குப் போனது. மீதி 2,55,000 ரூபாய் தந்தையின் பொறுப்பு.

ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்திருந்தால் சில படிப்புகளுக்கு மத்திய அரசின் வட்டி மானியம் கேட்டுப் பார்த்திருக்கலாம். உரக்கடைக்காரரின் வருமான வரிக் கணக்கு அதற்குமேல் காட்டியது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டம் எட்டு லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு மூன்று சதவீத வட்டிச் சலுகை தருகிறது. இவர்கள் கையெழுத்துப் போட்டபோது அந்தத் திட்டமே இல்லை.

வட்டி மாறும் வகை. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தோடு ஏறி இறங்கும். முதல் தவணை விடுவித்தபோது ரெப்போ 5.40, 2023 பிப்ரவரியில் 6.50. கடனின் வட்டியும் கூடவே ஏறி 10.5 சதவீதத்தைத் தொட்டது. கணக்கு எளிதாக இருக்க, கீழே முழுக்க 10.5 என்றே எடுத்துக்கொள்கிறேன்.

படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. அதற்காக வட்டி தூங்குவதில்லை. முதல் 2.5 லட்சத்துக்கு நான்கு ஆண்டு, அடுத்ததற்கு மூன்று, கடைசிக்கு இரண்டு ஆண்டு என்று தனிவட்டி 2,36,250 ரூபாய் சேரும். ஒன்றுமே கட்டாமல் இருந்தால், தவணை தொடங்கும் நாளில் அசல் 9,86,250. பத்து ஆண்டுக்கு மாதம் 13,308 ரூபாய். கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 15.97 லட்சம். பதினைந்து ஆண்டு என்றால் மாதம் 10,902, மொத்தம் 19.6 லட்சம்.

படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டிவிடுங்கள் என்று தந்தையிடம் சொன்னேன். முதல் ஆண்டில் மாதம் 2,200 ரூபாய்க்கும் குறைவு. ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் ஒரு சதவீதம் தள்ளுபடி தரவும் விதி இடம் கொடுக்கிறது. அவர் சிரித்தார். "ஆடியில் என் கையில் இருக்கும் ஒரு லட்சம் தை அறுவடைக்குள் இரண்டு சுற்று வந்துவிடும், சார். உங்கள் வட்டி நூற்றுக்குப் பத்தரை, அதுவும் குட்டி போடாத வட்டி. அதை அடைக்க நான் ஏன் கடை முதலில் கை வைக்க வேண்டும்?"

நிதிப் பாடத்தில், போட்ட முதலுக்கு நாம் கொடுக்கும் விலை எவ்வளவு என்று ஓர் அத்தியாயம் வரும். அதை இதைவிடச் சுருக்கமாக நான் கேட்டதில்லை. தனிவட்டி ஓடும் காலத்தில் கடனை அடைக்காமல் வைத்திருப்பது அவருக்கு உண்மையிலேயே லாபம். ஆனால் லாபம் அவருடைய கடைக் கணக்கில் நின்றது. சேர்ந்த வட்டி மகளின் பெயரில் ஏறியது. ஒரே குடும்பம் என்பதால் இந்த வேறுபாட்டை யாரும் கவனிக்கவில்லை.

இயந்திரம் 'அ', இயந்திரம் 'ஆ'

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிதிக் கணக்கியல், வணிகப் பொருளியல், புள்ளியியல் என்று முதல் மூன்று பருவங்களில் திருச்சிக் கல்லூரிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பிற்பகுதியில்தான் பங்கு ஆய்வு, முதலீட்டுத் தொகுப்பு, சார்பு ஒப்பந்தங்கள் (பங்கு போன்ற வேறொன்றின் விலையைச் சார்ந்து மதிப்பு மாறும் ஒப்பந்தங்கள்), எக்செல் மாதிரிகள் வந்தன. பங்கு விலை ஓடும் திரை ஆய்வகத்துக்குள் வாரம் ஒருமுறை விட்டார்கள்.

நான்காம் பருவத்தில் நிகர நிகழ்மதிப்பு (என்.பி.வி.) பாடம் வந்தது: வருங்காலத்தில் வரும், போகும் பணத்தை வட்டி விகிதத்தால் குறைத்து இன்றைய மதிப்பாக்கி, வரவில் செலவைக் கழித்துப் பார்ப்பது. இந்தப் பாடத்தில் எல்லாப் புத்தகங்களிலும் ஒரு தொழிற்சாலை முதலாளி இயந்திரம் 'அ' வாங்குவதா, 'ஆ' வாங்குவதா என்று குழம்பிக்கொண்டிருப்பார். மாணவி 'அ' இருந்த இடத்தில் தன் பல்கலைக்கழகத்தையும் 'ஆ' இருந்த இடத்தில் திருச்சியையும் எழுதினார். ஆசிரியர் கொடுத்த பயிற்சி அல்ல இது. விடுதியில் ஓர் இரவு தானாகப் போட்டது. மூன்றாம் ஆண்டுப் பணம் கேட்டு வந்தபோது அதை மடிக்கணினியில் எனக்குக் காட்டினார்.

இரண்டுக்குமான வேறுபாட்டை மட்டும் அவர் எடுத்துக்கொண்டது சரியான முறை. மடிக்கணினி எங்கே படித்தாலும் வேண்டியிருக்கும் என்பதால் நீக்கியிருந்தார். மிச்சம்: தொடக்கத்தில் 2,65,000, ஓர் ஆண்டு கழித்து 2,35,000, இரண்டு ஆண்டு கழித்து 2,35,000. இவற்றின் இன்றைய மதிப்பு என்று தாள் 6.06 லட்சம் காட்டியது. எனக்கு இடித்தது. எக்செலின் என்.பி.வி. வாய்ப்பாடு முதல் எண்ணையும் ஓர் ஆண்டு தள்ளி நடப்பதாகவே எடுத்துக்கொள்ளும். இன்றே கட்டும் தொகையை வாய்ப்பாட்டுக்கு வெளியே தனியாகக் கூட்ட வேண்டும். திருத்தியபோது 6.70 லட்சம் ஆனது. நிறுவனங்களின் திட்ட அறிக்கைகளிலும் இந்தத் தவறை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இந்த 6.70 லட்சத்தை மீட்க, வேலைக்குப் போன முதல் பத்து ஆண்டுகளும் திருச்சிப் பட்டதாரியைவிட ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டும் என்று கணக்கு சொன்னது. மாதத்துக்கு 12,500.

திருச்சியில் படித்த தோழிகளுக்கு வந்த வேலைகளையும் தன் சீனியர்களுக்கு வந்தவற்றையும் விசாரித்து, உண்மையான வேறுபாடு 1,20,000 இருக்கும் என்று கணித்தார். அந்த எண்ணை இட்டால் 1.35 லட்சம் நட்டம். அந்த வேறுபாடு ஆண்டுக்கு எட்டு சதவீதம் வளரும் என்று ஒரு கட்டத்தை மட்டும் மாற்றினால் 58,000 ரூபாய் லாபம். எட்டு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "இணையத்தில் ஒரு கட்டுரையில் இருந்தது, சார்" என்றார். முடிவையே புரட்டிப்போடும் எண்ணுக்கு இதுதான் ஆதாரம். பெரிய நிறுவனங்களின் முதலீட்டு முடிவுகளிலும் வளர்ச்சி விகிதம் இதைவிடப் பலமான இடத்திலிருந்து வருவதாக நான் நம்பவில்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. 561 மதிப்பெண் எடுத்த பெண், தன் படிப்பைத் தானே எடைபோட்டுப் பார்க்கிற பெண், திருச்சியில் படித்திருந்தால் சராசரிச் சம்பளத்தில் நின்றிருப்பாரா? ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கேட்டது. உயர்ந்த கல்லூரிகளில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்கள் பிற்காலத்தில் ஏறக்குறைய அதே வருமானம் பெற்றார்கள் என்றது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் இதற்கு விதிவிலக்கு; அவர்களுக்குக் கல்லூரி உண்மையாகவே பயன்பட்டது. அந்தக் கல்லூரிகளும் நம் நிகர்நிலைகளும் ஒன்றல்ல. ஆனாலும் வீட்டில் யாருக்கும் சென்னை அலுவலகம் எதுவும் தெரியாத குடும்பத்துக்கு அந்த விதிவிலக்கு பொருந்தும் என்றே எனக்குப் படுகிறது. இவருக்கு முதல் பயிற்சி வேலையை வாங்கிக் கொடுத்தவர் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவி ஒருவர். அதன் மதிப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வேலை

2025 ஜூலையில் வேலை. உலக வங்கியின் கணக்குப் பணிகள் முதல் பன்னாட்டு வங்கிகளின் பின்னலுவலகம் வரை சென்னையில் நடக்கின்றன. அப்படிப்பட்ட நிறுவனம் ஒன்றில் அமெரிக்கப் பரஸ்பர நிதிகளின் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் பணி. நேர்காணலில் சார்பு ஒப்பந்தம் பற்றி எவரும் கேட்கவில்லை. இரண்டு வட்டித் தேதிகளுக்கு நடுவில் ஒரு கடன்பத்திரம் கைமாறினால், அதுவரை சேர்ந்த வட்டி யாருக்கு, அதன் பதிவு எப்படி என்று கேட்டார்கள். அது முதலாண்டுக் கணக்கியலோடு கொஞ்சம் பொது அறிவு. அடுத்து, வாங்கிய மறுநாளே பங்கும் பணமும் கைமாறுவது பற்றிக் கேட்டார்கள். இந்தியச் சந்தை 2023 ஜனவரியில் அதற்கு முழுமையாக மாறியது, அமெரிக்கா 2024 மே மாதத்தில். சரிபார்க்க இருந்த ஒரு நாள் போய்விட்டது. இவருடைய பணி நேரம் மாலையில் தொடங்குகிறது.

சம்பளம் ஆண்டுக்கு 3.6 லட்சம் என்று நியமனக் கடிதம் சொன்னது. உரக்கடைக்காரர் அதைப் பன்னிரண்டால் வகுத்து முப்பதாயிரம் என்று ஊரில் சொல்லிவிட்டார். அதில் 3,000 ஆண்டு முடிவில் செயல்பாட்டைப் பார்த்துத் தருவது. நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதி 1,800, பணிக்கொடைக்கு ஒதுக்குவது 721. வைப்பு நிதிக்கு இவர் தன் பங்காகக் கட்டுவது 1,800. தொழில் வரியும் மருத்துவக் காப்பீடும் போகக் கைக்கு வருவது ஏறக்குறைய 22,300 ரூபாய்.

பத்து ஆண்டுத் தவணையான 13,308-ஐ இதில் கழித்தால் மிச்சம் ஒன்பதாயிரத்துக்கும் குறைவு. சென்னையில் பெண்கள் விடுதியில் படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் அது சரியாகப் போய்விடும்.

கடன் வாங்கும்போது எல்லோரும் ஆறுதலாகச் சொல்லும் வருமான வரிப் பிரிவு 80 இ-யும் இங்கே உதவாது. கல்விக் கடன் வட்டியை எட்டு ஆண்டுகள் வரை வருமானத்தில் கழிக்கலாம் என்பது பழைய வரி முறையில் மட்டும். 3.6 லட்சம் சம்பளத்துக்கு எந்த முறையிலும் வரியே கிடையாது. இல்லாத வரியில் எதைச் சலுகையாகப் பெறுவது? மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதைச் சொல்கிற வங்கிக்காரர்களுக்கும் இது தெரியும்.

தவணை

தவணை 2026 ஆகஸ்டில் தொடங்க வேண்டும். கடனில் தந்தை இணைக் கடனாளி. மகள் ஒரு தவணை தவறினாலும் அது இருவருடைய கடன் வரலாற்றிலும் பதியும். உரக்கடை ஓடுவதே வங்கியின் ரொக்கக் கடன் வரம்பில், அதாவது வேண்டும்போது எடுத்துத் திரும்பக் கட்டும் கடனில். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கும்போது அந்த வரலாற்றைத்தான் முதலில் புரட்டுவார்கள். பிணையில்லாக் கடன் என்று சொல்லி வாங்கினார்கள். கடையே பிணையாகிவிட்டதை இப்போதுதான் பார்த்தார்கள்.

நான் சொன்ன ஏற்பாடு இது. வேலை கிடைத்த மாதத்திலிருந்தே ஓடும் வட்டியைக் கட்டிவிடுவது. அப்போது அசல் 9,07,500-க்கு மேல் போகாது. காலத்தைப் பதினைந்து ஆண்டாக நீட்டித் தவணையைக் குறைப்பது. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது 2014 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே நீண்ட காலம் என்பது கட்டாயம் இல்லை. கையில் பணம் வரும் ஆண்டில் அதிகமாகக் கட்டிச் சுருக்கிக்கொள்ளலாம். 2025 ஜூனுக்குள் ரெப்போ 5.50-க்கு இறங்கியதும் உதவியது. 9.5 சதவீதத்தில் பதினைந்து ஆண்டுத் தவணை சுமார் 9,480 ரூபாய்.

இதுவரை கட்டங்களில் வராத ஒரு செலவு அதற்குப் பிறகுதான் வெளிப்பட்டது. மாணவி சி.ஏ. ஆசையை விடவில்லை. வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதம் இருந்தால், சி.ஏ.வின் இரண்டாம் கட்டமான இண்டர்மீடியேட்டில் நேரடியாகச் சேரலாம். இரு பிரிவுகளையும் முடித்தபின் இரண்டு ஆண்டு ஆடிட்டரிடம் பயிற்சி; 2023-இல் வந்த புதிய திட்டம் மூன்றாக இருந்ததை இரண்டாக்கியது. பயிற்சிக் காலத்தில் தருவது சில ஆயிரங்கள்தான். மாதம் 9,480 கட்ட வேண்டியவரால் அந்த இரண்டு ஆண்டைத் தாங்க முடியாது. திருச்சியில் படித்திருந்தால் அவர் கடனில்லாமல் அந்த வாசலில் நின்றிருப்பார். நிகர நிகழ்மதிப்பில் 58,000 லாபமா 1.35 லட்சம் நட்டமா என்று நாங்கள் தலையை உடைத்துக்கொண்டிருந்தபோது, கடன் எந்த வழியை அடைக்கிறது என்று கேட்கவில்லை. இந்த நிகழ்வில் மிகப் பெரிய தொகை அதுதான் என்பது என் கணிப்பு. அதற்கு எண் போட என்னால் முடியாது.

தந்தை இதைப் புரிந்துகொள்ள நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அறுவடைவரை கடன் சொல்லி உரம் வாங்கும் விவசாயி, விளைச்சலை நல்ல விலை வரும்வரை வைத்திருக்க முடியாமல் கடனுக்காகவே விற்பதை அவர் ஒவ்வொரு தையிலும் பார்க்கிறவர். முடிவு இப்படி ஆனது: மகள் வேலையில் இருந்துகொண்டே இண்டர்மீடியேட் எழுதுவது, இரு பிரிவுகளும் தேறினால் பயிற்சி பெறும் இரண்டு ஆண்டும் தவணையை உரக்கடை கட்டும். தேறாவிட்டால் வேலையிலேயே தொடர்ந்து, ஆண்டு இறுதியில் வரும் செயல்பாட்டுத் தொகையை முழுக்க அசலில் கட்டுவது. படிக்கும் காலத்தில் வட்டி கட்டாமல் கடையில் சுற்ற விட்ட பணம் மகளுக்குச் சேர வேண்டியது என்று தாய் சொன்னதும் இந்த முடிவுக்கு ஒரு காரணம்.

முதல் பிரிவுக்கு அவர் படித்துக்கொண்டிருக்கிறார். வாங்கிய 7.5 லட்சத்துக்கு மாதம் 5,937 ரூபாய் வட்டி, சம்பளம் விழுந்த மறுநாள் அவர் கணக்கிலிருந்து போகிறது.